ஐஸ் தட்டில் வைத்த இன்சுலின்

ஃப்ரிட்ஜ் ரிப்பேர் வேலையில் பாதி, அடுத்தவர் சமையலறைத் தரையில் குப்புறப் படுத்துக் கிடப்பது. அன்றைக்குக் கல்கத்தா டாலிகஞ்சில் ஒரு வீட்டில் நான் கிடந்தது வேலைக்காக இல்லை. கையில் ஸ்பேனர் இருந்தது, சட்டை தொப்பலாக நனைந்திருந்தது, சுவரில் மாட்டியிருந்த ஒரு வாணலி இரண்டாகத் தெரிந்தது.

ஊசி போட்டுக்கொள்ளும் அண்ணன்மாரே, அக்காமாரே, உங்களுக்கு இதற்குள் புரிந்திருக்கும். எனக்குப் பன்னிரண்டு வயதிலிருந்து சர்க்கரைக்கு ஊசி. அதுவரை காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. அந்த வாரம்தான் டாக்டர் அதை நாலாக்கியிருந்தார். மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு முன்னால் தெளிவான மருந்து, படுக்கும்போது கலங்கலான மருந்து. தெளிவானதைப் போட்டால் அரை மணியில் சாப்பிட்டாக வேண்டும். போட்டேன். கம்ப்ரஸர் போல்ட் ஒன்று கழலவில்லை. அஞ்சு நிமிஷம்தானே என்று ஆரம்பித்தது ஒன்றரை மணி நேரம் போயிற்று. டிபன் பை வாசலில் செருப்புக்குப் பக்கத்தில் பத்திரமாக இருந்தது.

"சீனி" என்று எப்படியோ சொல்லிவிட்டேன். அந்த வீட்டு பௌதி (இங்கே ரிப்பேருக்குப் போகிற வீட்டு அண்ணிமார் எல்லாரும் பௌதிதான்) ரசகுல்லா ஜீராவை ஒரு டம்ளரில் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன். பத்து நிமிஷத்தில் வாணலி ஒன்றானது. நான் எழுந்து உட்கார்ந்ததும் பௌதி கவலையோடு கேட்டார்:

"அப்போ ஃப்ரிட்ஜ் இன்னைக்கு ஆகாதா?"

கெடு

பௌதி நான் வேலை செய்யும் ரிப்பேர் கடைக்குப் போன் போட்டார். கடைக்கார மோன்டுதா கார்டன் ரீச்சில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸ் வரைக்கும் என்னைக் கொண்டுவந்து விட்டார். அப்பாவுக்கு இது போதும். நான் பதினோராம் வகுப்பைப் பாதியில் விட்டு ஸ்பேனர் பிடித்ததே அவருக்கு ஆபீசில் தலைகுனிவு. படிப்பு எனக்கு ஏறவில்லை, உட்கார்ந்து நடிக்கப் பிடிக்கவில்லை, விட்டுவிட்டேன். இதில் ஒளித்துப் பேச ஒன்றும் இல்லை.

அப்பா கத்தவில்லை. நான் சர்க்கரை அளவு எழுதும் நோட்டை வாங்கிப் புரட்டினார். ஒரு நாள் மேலே, ஒரு நாள் கீழே. மூடி என் கையிலேயே கொடுத்தார்.

"துர்கா பூஜைக்குள்ள இது ஒழுங்குக்கு வரணும். வரலைன்னா ஸ்பேனரைக் குடுத்துட்டு மறுபடி லெவன்த்ல போய் உக்காரு."

அம்மாவும் எலுமிச்சம்பழமும்

வேலை போய்விடும் என்றதும் எனக்கு அக்கறை வந்தது. முதல் காரியமாக எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்தேன். மருந்துப் புட்டி இரண்டும் கதவில், எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்தில் இருந்தன. அஞ்சு வருஷமாக அம்மா அங்கேதான் வைக்கிறாள்.

"அம்மா, ஃப்ரிட்ஜுலயே சூடான இடம் கதவுதான். திறக்கிறப்பல்லாம் வெளிக்காத்து அடிக்கும். இந்தக் கரன்ட் போற ஊர்ல மருந்து என்னத்துக்கு ஆகும்?" என்றேன். ஒரு வருஷத் தொழில் அனுபவம் எனக்கு. தெர்மோஸ்டாட்டைக் கடைசி வரைக்கும் திருகினேன். இரண்டு புட்டியையும் எடுத்து, ஐஸ் பெட்டிக்கு நேர் கீழே இருக்கும் தட்டில் வைத்தேன். அதுதான் பெட்டியிலேயே சில்லென்று இருக்கும் இடம். ஊசி மருந்தோடு ஒரு காகிதம் வரும், பொடிப் பொடியாக இங்கிலீஷில். அதைப் படித்துப் பார் என்று டாக்டர் சொல்லியிருந்தார். படிக்கிறவனாக இருந்தால் நான் ஏன் பள்ளிக்கூடத்தை விடப்போகிறேன்?

அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டே பார்த்தாள்.

"ஊருக்கெல்லாம் ஃப்ரிட்ஜ் பாக்குதவன் சொல்லுத. சரியாத்தாம்ல இருக்கும்."

ஒரே ஒரு மிஷ்டி

நாலாம் நாளோ அஞ்சாம் நாளோ, காலையில் தெளிவான மருந்துக்குள் ஊசி ஊசியாக ஐஸ். உள்ளங்கையில் வைத்து உருட்டினேன், கரைந்தது. பச்சைத் தண்ணீர் மாதிரி தெளிவாக இருந்தது. போட்டுக்கொண்டு, புட்டியை ஈரத்துணியில் சுற்றி டூல் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். அந்த வாரத்திலிருந்து சர்க்கரை முந்நூறுக்குக் கீழே இறங்கவில்லை. நாக்கு வறண்டது. போகிற வீட்டிலெல்லாம் முதலில் கேட்டது தண்ணீர், அப்புறம் பாத்ரூம்.

சர்க்கரைக்காரனுக்குக் கல்கத்தாவில் வீடு வீடாகப் போகிற வேலையைப் போலப் பொருந்தாத வேலை கிடையாது. கேஸ்கட் மாற்றினால் சந்தேஷ், பல்ப் மாற்றினால் ரசகுல்லா. இனிப்புக்கு இங்கே மிஷ்டி என்று பேர். ஒரு மாஷிமா (சித்தி வயசு அம்மாக்கள் எல்லாரும் மாஷிமா) தட்டைக் கையில் ஏந்தி, நான் காஸ் நிரப்பி முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றார். வேண்டாம் என்றேன். பாதி என்றார். வேண்டாம் என்றேன். கால் என்றார். வியாதி என்று சொன்னால் ரிப்பேருக்கு வேறு ஆளைக் கேட்பார்கள் என்று பயம், அதனால் காரணம் சொல்லவில்லை. தட்டை மூடி வைத்துவிட்டு மாஷிமா உள்ளே பார்த்துச் சொன்னார்:

"இந்த மதராஸிப் பையனுக்கு நம்ம வீட்டு மிஷ்டி கசக்குதாம்."

நோட்டு

நம்மில் முக்கால்வாசிப் பேர் நோட்டில் பொய் எழுதுகிறவர்கள்தான். இருநூற்றைம்பதை நூற்றைம்பது ஆக்க இரண்டுக்குப் பதில் ஒரு கோடு போதும். நான் அதைச் செய்ததில்லை. முந்நூற்றுப் பத்து என்றால் முந்நூற்றுப் பத்து. அதனால் வந்த லாபம், நான் மிஷ்டி தின்னவில்லை என்பதை யாரும் நம்பவில்லை. அப்பா என் சட்டைப் பையை முகர்ந்து பார்த்தார். அம்மா வீட்டில் உருளைக்கிழங்கையே நிறுத்திவிட்டாள், எனக்காக எல்லாரும் புடலங்காய் தின்றார்கள்.

நோட்டோடு டாக்டரிடம் போனேன். "மிஷ்டி தொடவே இல்லை" என்றேன். கிட்டத்தட்ட கத்தினேன். அவர் கோபப்படவில்லை. மருந்தின் அளவை ஒவ்வொரு வேளைக்கும் கூட்டி எழுதினார். சீட்டை நீட்டியபடி சிரித்தார்.

"உன் வயசுப் பையன்கள் எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. எத்தனை தின்னே, அதை மட்டும் சொல்லு."

சாந்த்ராகாச்சி

சாந்த்ராகாச்சியில் ரயில்வேக்காரர் ஒருவர் வீட்டில் பழைய ஃப்ரிட்ஜ், நானும் மோன்டுதாவும் போயிருந்தோம். முந்தின நாளே தெளிவான மருந்து தீர்ந்துவிட்டது. வழியில் மருந்துக் கடையில் புதுப் புட்டி வாங்கி, கூட்டி எழுதிய அளவை அப்படியே போட்டுக்கொண்டேன். இந்தத் தடவை ஒழுங்காக அரை மணியில் சாப்பிடவும் செய்தேன். நாலு சப்பாத்தி, பருப்பு. கொஞ்ச நேரத்தில் கை நடுங்க ஆரம்பித்தது. ஸ்க்ரூ டிரைவர் திருகில் உட்காரவில்லை. பையிலிருந்த குளுக்கோஸைத் தின்றேன், மறுபடியும் தின்றேன். கொண்டுபோயிருந்த சர்க்கரை பார்க்கும் மெஷினில் பார்த்தால் குளுக்கோஸுக்குப் பிறகும் அறுபதுக்குக் கீழே.

எனக்கு அழுகை வந்துவிட்டது. தின்றால் ஏறவில்லை, தின்னாதபோது இறங்கவில்லை. பூஜைக்கு மூணு வாரம்தான் இருந்தது. லெவன்த் பெஞ்ச் கண்ணில் தெரிந்தது. மோன்டுதா என்னைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் கேட்டார். பீடியைப் பற்றவைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு யோசித்தார்.

"அதே மெஷின், அதே கரன்ட், காஸ் மட்டும் புதுசு. இப்போ கூலிங் அடிச்சுத் தள்ளுதுன்னா, பழைய காஸ்லதான்டா கோளாறு."

டாக்டர் கேட்ட கேள்வி

மறுநாள் டாக்டரிடம் அதை அப்படியே சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"புட்டியை எங்கே வைக்கிறே?"

ஐஸ் தட்டு, தெர்மோஸ்டாட், கதவின் சூடு எல்லாம் விவரமாகச் சொன்னேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

"உறைஞ்சுதா?"

"ஒரு நாள். உருட்டினேன், கரைஞ்சுருச்சு."

டாக்டர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். உறைந்த இன்சுலின் உருகினால் பார்க்கத் தெளிவாகத்தான் இருக்குமாம். நம்பி உடம்பில் போடக்கூடாதாம். செத்த மருந்துக்கு அவர் அளவைக் கூட்டினார், உயிருள்ள மருந்து வந்ததும் நான் சாய்ந்தேன்.

"அதுக்கு முன்னால கதவுல வெச்சது யாரு?"

"அம்மா."

"சரி, மூணு வேலை. அந்தத் தட்டுல இருக்கிற எதையும் போடாதே, தூக்கிப் போடு. அளவைப் பழையபடி குறைச்சு எழுதறேன், அதைப் போடு. அப்புறம் வீட்டுக்குப் போய், உன் அம்மாகிட்ட 'நீ வெச்ச இடம்தான் சரி'ன்னு சொல்லு."

பூஜை

மருந்தைத் தூக்கிப் போட்டேன். அளவைக் குறைத்தேன். தெர்மோஸ்டாட்டைப் பழைய இடத்துக்குத் திருப்பினேன். புதுப் புட்டியை எடுத்துக்கொண்டு எலுமிச்சம்பழத்தை நகர்த்தும்போது அம்மா பின்னால் நின்றாள். "என்னல, எடம் மாறுது?" என்றாள். "தட்டைக் கழுவணும்" என்றேன். மறுநாள் பார்த்தால் எலுமிச்சம்பழமெல்லாம் கீழ்த்தட்டுக்குப் போயிருந்தது. கதவில் புட்டி ஆடாமல் இருக்க மடித்த துணி வைத்திருந்தாள்.

பூஜை வந்தபோது நோட்டில் நம்பர்கள் சாதுவாக இருந்தன. அப்பா ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். லெவன்த் புத்தகங்களைப் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிடலாம் என்று சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கழற்றினார்.

"திருட்டு மிஷ்டியை நிறுத்தினேல்ல? நான் அப்பவே சொன்னேன்."

அம்மா சமையலறையிலிருந்து என்னைப் பார்த்தாள், நான் "ஆமாப்பா" என்றேன். டாக்டர் சொன்ன மூன்றில் இரண்டைச் செய்தாயிற்று, மூன்றாவதை அம்மாவிடம் சொல்வதைவிட மிஷ்டித் திருடன் என்று பெயர் வாங்குவது ஒரு மெக்கானிக்குக்கு எவ்வளவோ தேவலை.