இறால் பக்டரி நின்ற மாரி

நாயாற்றுக் களப்பின் கரையில் ஒரு காலத்தில் இறால் பக்டரி இருந்தது என்றால், அந்தப் பக்கத்துப் பிள்ளைகளே இப்போது நம்புவதில்லை. தகரக் கூரை, இரண்டு பெரிய அடுப்பு, ஆள் இறங்கிக் குளிக்கக்கூடிய இரண்டு கிடாரம், மழைநாளில் விறகுச் சூட்டில் இறால் உலர்த்த ஓர் அறை. இவ்வளவுதான் பக்டரி. அம்மாவும் நானும் அங்கே வேலை செய்தோம். எனக்கு அப்போது கல்யாணம் பேசியிருந்தார்கள்.

உப்புத் தண்ணீரில் அவித்துக் காயவைத்த இறாலைச் சாக்கில் போட்டு நிலத்தில் அடிப்போம். கோது கழன்றுவிடும். சுளகில் புடைத்தால் மிஞ்சுவது செம்மஞ்சளாய், நகம்போல் வளைந்து கிடக்கும். அதைக் கடதாசிப் பைகளில் கட்டி லொறியில் யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் அனுப்புவார்கள். மீன் படாத நாளில் ஒரு பிடியை வறுத்து, செத்தல் மிளகாயும் தேங்காய்ப்பூவும் சேர்த்து இடித்தால் வீடு முழுக்க அந்தச் சம்பலோடு சாப்பிட்டு எழும்பும். பிறகு எத்தனையோ கடைகளில் காய்ந்த இறால் வாங்கியிருக்கிறேன். உப்புத்தான் இருக்கும், அந்த இனிப்பு இருக்காது.

களப்புக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மண்மேடு. கோடையில் கடலே அதைக் கட்டிவிடும். மாரி வெள்ளம் நிறைந்தால் மேடு உடைந்து தண்ணீர் கடலுக்குப் போகும். எங்கள் இறால் மேட்டுக்கு உள்ளேதான் வளர்ந்தது. பிந்தி உடைந்தால் இறால் பெருத்திருக்கும். முந்தி உடைந்தால் குஞ்சோடு கடலுக்குப் போய்விடும், பக்டரியில் அடுப்பெரியாது. அதனால் எங்கள் ஆண்கள் முறைவைத்து மேட்டைக் காவல் காத்தார்கள்.

களப்பின் மேற்கே, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காடு வெட்டி வயல் செய்தவர்கள் இருந்தார்கள். அக்கா அவர்களில் ஒருவரைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். அவர்கள் சைவம், நாங்கள் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர். அன்றிலிருந்து அப்பா அவள் பெயரை எடுத்ததில்லை. அம்மா மட்டும் சந்தைக்குப் போகிற சாட்டில் அவளையும் கைப்பிள்ளையையும் பார்த்துவிட்டு வருவா.

அந்த வருடம் மழை முந்தித் தொடங்கி விடாமல் பெய்தது. பக்டரி வாசற்படிக்குத் தண்ணீர் வந்தபோது முதலாளி ஆண்களைக் கூப்பிட்டார்.

"இறால் இன்னும் குஞ்சு. மேடு இப்ப போனா பக்டரியும் போகும். சொல்லிப்போட்டன்."

அடுத்த நாள் காலை, வயல்காரர் மண்வெட்டிகளோடு மேட்டுக்கு வருகிறார்கள் என்று யாரோ கத்திக்கொண்டு ஓடினார்கள். அம்மா சுளகைப் போட்டுவிட்டு ஓடினா. நான் பின்னால் ஓடினேன்.

மழைக்குள் இரண்டு கூட்டம் நின்றது. எங்கள் பக்கத்தில் முன்னால் அப்பா, கையில் துடுப்பு. அந்தப் பக்கத்தில் முன்னால் அக்காவின் புருஷன்.

"வெட்ட விடுங்கோ," என்றார் அத்தான். "பயிர் போனாப் போகட்டும். வீடுகளுக்கை இடுப்பளவு தண்ணி. சனம் பரணில ஏறி இருக்குது."

"தானா உடையும். பொறுங்கோ," என்று எங்கள் ஆள் ஒருவர் சொன்னார்.

"அதுக்கிடையில பரணும் போயிடும்."

எங்கள் பக்கத்திலிருந்து ஒரு கல் பறந்தது. அத்தானின் புருவம் வெடித்து இரத்தம் மழையோடு வழிந்தது. மண்வெட்டிகள் மேலே எழும்பின. அம்மா நடுவில் போய் விழுந்தா.

"தம்பி, அவள் எங்க? பிள்ளை எங்க?"

"பரணிலதான் மாமி, பிள்ளையோட. நான் வயல் கட்டுக்கு மண் போடப் போன நேரம் வீட்டைத் தண்ணி சுத்திப்போட்டுது. வெள்ளம் இழுக்குது, தோணி விடேலாது. தண்ணி இறங்கினாத்தான்."

அப்பா யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. துடுப்பைக் கீழே போட்டார். அத்தானின் கையிலிருந்த மண்வெட்டியைப் பறித்தார். அடிக்கத்தான் போகிறார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவர் மேட்டை வெட்டிக்கொண்டிருந்தார்.

எங்கள் ஆள் ஒருவர் பாய்ந்து அவர் கையைப் பிடித்தார். "உனக்கு விசரே? நாளைக்கு என்னத்தைத் தின்னிறது?"

"கையை விடு," என்றார் அப்பா.

பிறகு வயல்காரர் எல்லோரும் வெட்டினார்கள். முதலில் வாய்க்கால் அகலத்துக்கு ஓடிய தண்ணீர் திடீரென்று பெரிய சத்தத்தோடு கரையைத் தின்னத் தொடங்கியது. அப்பாவின் காலடி மண் சரிந்து அவர் இடுப்பளவு இறங்கிவிட்டார். அத்தான் சட்டையைப் பிடித்து இழுத்துப் போட்டார். கலங்கல் தண்ணீருக்குள் இறால் குஞ்சுகள் துள்ளித் துள்ளிக் கடலுக்குப் போவதை அம்மா பார்த்துக்கொண்டே நின்றா.

பின்னேரம் வெள்ளம் வடியத் தோணி போய் அக்காவையும் பிள்ளையையும் கொண்டுவந்தது. பிள்ளையின் உதடு நீலம். அழக்கூடச் சத்தம் இல்லை. அம்மா பக்டரியைத் திறந்து, உலர்த்தும் அறையின் அடுப்பை மூட்டி, இறால் தட்டுகளை வெளியே எறிந்துவிட்டு இருவரையும் உள்ளே இருத்தினா. வேறு குடும்பங்களும் வந்து சேர்ந்தன. பிள்ளை வீரிட்டு அழுத பிறகுதான் அம்மா நிலத்தில் இருந்தா.

முதலாளி வந்து வாசலில் நின்று, உள்ளே சனத்தைப் பார்த்தார். மழை விட்டதும் லொறி கொண்டுவந்து கிடாரங்களை ஏற்றிக்கொண்டு போனார். பக்டரி பிறகு திறக்கவில்லை.

அப்பாவை நெடுநாள் யாரும் வலைக்குச் சேர்க்கவில்லை. அம்மா வயல்களில் நெல் அறுக்க, அருவி வெட்டக் கூலிக்குப் போனா. மேட்டில் அப்பாவின் கையைப் பிடித்தவர் எனக்குப் பேசியிருந்த மாப்பிள்ளையின் தகப்பன். அந்தக் கல்யாணம் நின்றுபோனது. அப்பா அக்காவோடு வாய் திறந்து பேச இன்னும் ஒரு வருடம் ஆனது, அதுவும் நோய் கண்ட ஒரு கன்றுக்குட்டியைப் பற்றி.

எனக்கு அப்பாவில் கோபம் இருந்தது. பெரிய கோபம். ஆனால் அக்கா வரும்போதெல்லாம் பிள்ளையை என் மடியில்தான் போடுவாள். அது என் தலைமயிரைப் பிடித்து இழுத்துச் சிரிக்கும். அந்த நேரத்தில் கோபப்பட என்னால் முடியாமல் இருந்தது.