களுக்

நாகல் நகர் ஸ்கேன் சென்டரில், அடிக்கடி தோள் நழுவும் என் பேத்தி எம்.ஆர்.ஐ.க்குக் காத்திருந்தாள். பத்தாவது படிக்கிறாள். "தோளைச் செத்த கழட்டிக் காட்டு தாயி" என்று அவள் அப்பன் வீடியோ எடுக்க செல்போனை நீட்டினான். மூட்டு களுக்கென்றது.

நான் சிறுவனாயிருந்தபோது, என் தோள் போட்ட அதே சத்தத்துக்கு எங்கள் வீட்டில் விருந்தாளிகள் சிரிப்பார்கள். "ஏலே, மாமாவுக்குக் கழட்டிக் காட்டு" என்பார் அப்பா. அவர் வெற்றிலை எச்சில் என் கன்னத்தில் தெறிக்கும். வலியோடு காட்டுவேன். எண்ணெய்ச் சிக்கு வாடையடிக்கும் முறுக்கு ஒன்று கிடைக்கும்.

ஸ்கேன் அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மூட்டுக்குள் மருந்து செலுத்திப் படமெடுத்தால், இந்த வேடிக்கை கிழித்த இடமெல்லாம் வெள்ளையாகத் தெரியும்.

"இன்னொருக்கா தாயி, வீடியோ சரியா விழல" என்றான்.

என் வலது கை தோளுக்கு மேல் எழாது. இடது கையால் செல்போனைப் பிடுங்கினேன்.