இல்லாத சாஸ்தாவுக்கு நேர்ந்த மணி

அன்றைக்கு அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்த நான், நான்கு எட்டு எடுத்து வைத்து வெளியே வந்து, "நானுந்தாம்மா" என்று ஏன் சொல்லவில்லை? இந்தக் கேள்விக்கு எனக்கு இன்னும் பதில் தெரியாது. பதினேழு வயதுதானே, மஞ்சள் காமாலையில் கிடந்து எழுந்த உடம்புதானே என்று சில நாள் எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். உடனே, அன்று அம்மாவின் முன்னால் நின்ற என் தோழிக்கும் அதே பதினேழு வயதுதானே என்று தோன்றும். கதவின் தாழ்ப்பாள் துருப்பிடித்திருந்ததும், அதைக் கட்டைவிரலால் சுரண்டிக்கொண்டே நின்றதும், நகத்துக்குள் போன சிவந்த பொடியும் நன்றாக நினைவிருக்கின்றன. வாயைத் திறக்காத காரணம் மட்டும் நினைவில் இல்லை.

மேலகரத்தில் எங்கள் வீட்டுக்கு நேர் எதிர்வீட்டில் அவள் குடும்பம் குடிவந்தபோது நாங்கள் பதினொன்றாம் வகுப்பு. ஈரோட்டுப் பக்கத்துக்காரர்கள். அவளுடைய அப்பாவுக்குக் குற்றாலத்தில் ஒரு தங்கும் விடுதியில் மேலாளர் வேலை. விடுதி முதலாளி சொன்ன ஆள் என்பதால் வீட்டுக்கார அண்ணாச்சி அதிகம் விசாரிக்காமல் சாவியைக் கொடுத்துவிட்டார். விசாரிக்கும் வேலையைத் தெரு எடுத்துக்கொண்டது. தென்காசியில் எங்கள் பள்ளிக்கூடத்திலோ அவள் பேசிய 'ங்'குக்காகவே ஒரு கூட்டம் காத்திருக்கும். அவள் வகுப்பில் நுழைந்ததும் பின்பெஞ்சிலிருந்து, "ஏனுங், வந்துட்டீங்களாங்?" என்று குரல் வரும். அவளும் சளைக்காமல், "வந்துட்டனுங். நீங்க இன்னும் பெயிலாகிப் போகலீங்ளா?" என்பாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனது அந்தத் தைரியத்தினால்தான். என்னிடம் இல்லாதது அது. முதன்முதலாகச் சாரலைப் பார்த்தபோது பேருந்தின் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிக்கொண்டு, "இது மழையா இல்லையா புள்ள? ஒரு முடிவுக்கு வரச் சொல்லு" என்றாள். அதிலிருந்து போகவும் வரவும் நாங்கள் ஒரே இருக்கைதான்.

ஒரு வாரம் கழித்து அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "ஏட்டி, எதிர்வீட்டுப் பிள்ளைக்குச் சாஸ்தா எங்கன்னு கேட்டுட்டு வா. பேச்சோட பேச்சா கேக்கணும் என்ன. நான் கேக்கச் சொன்னேன்னு சொல்லிராத."

வெளியூர்க்காரர்களுக்கு இது சாதாரணக் கேள்வியாகத் தோன்றலாம். எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் குலதெய்வமாக ஒரு சாஸ்தா உண்டு. குளத்தங்கரையிலோ, காட்டுக்குள்ளோ, மலையடிவாரத்திலோ இருப்பார். பங்குனி உத்திரத்தன்று தெருவே வீட்டைப் பூட்டிக்கொண்டு தங்கள் தங்கள் சாஸ்தாவிடம் போய்விடும். ஒருவருக்கு எந்த ஊர் சாஸ்தா என்று தெரிந்தால் போதும், அவர்கள் யார், யாருக்குப் பெண் கொடுப்பார்கள், அவர்களை வீட்டில் எதுவரை விடலாம் என்பதெல்லாம் தெரிந்துவிடும். சாதியைக் கேட்ட பாவமும் வராது. சாமியைத்தானே கேட்டோம்! தெரியாது என்று சொல்லியும் தப்ப முடியாது. "தெரியாதுன்னா சொல்லப் பயப்படுதாங்கன்னு அர்த்தம்" என்பாள் அம்மா.

அந்தச் சனிக்கிழமை, அவளுடைய அப்பா வேலை பார்த்த விடுதியின் மொட்டைமாடியில் துணி காயப்போடும் கொடிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தோம். கேட்டேன். பேச்சோடு பேச்சாகக் கேட்க வராமல், பரீட்சையில் ஒப்பிப்பதுபோல் கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. "எங்கப்பா ஒரு ஆளுங்க, எங்கம்மா வேற ஆளுங்க புள்ள. ஓடிவந்து கட்டிக்கிட்டவங்க. அப்பா கோயில்லயும் எங்களைச் சேத்த மாட்டாங்க, அம்மா கோயில்லயும் சேத்த மாட்டாங்க. அதனால எங்களுக்கு நோம்பி, திருவிழா நாளெல்லாம் வீட்டுலதான்" என்றாள். பிறகு, "உங்கம்மாகிட்ட இதச் சொன்னா என்ன ஆகும்?" என்று கேட்டாள். நான் கொடியிலிருந்த ஒரு கிளிப்பைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். "அப்பச் சரி, எனக்கு ஒரு சாமி குடு" என்றாள்.

பெயர் வைத்தது அவள்தான். ஐந்தருவிப் பக்கமிருந்து பறந்துவந்த சாரல் கொடியில் கிடந்த படுக்கைவிரிப்புகளையெல்லாம் மறுபடி நனைத்துக்கொண்டிருந்தது. "சாரலுடையார் சாஸ்தா" என்றாள். இடம் கொடுத்தது நான். ஆரியங்காவு தாண்டிக் காட்டுக்குள் என்றேன். வருஷத்துக்கு ஒருநாள், பங்குனி உத்திரத்தன்று மட்டும்தான் வனத்துறை உள்ளே விடும் என்று சேர்த்தேன். பிறகு யார் போய்ப் பார்க்க முடியும்? தாத்தா காலத்தில் பஞ்சம் பிழைக்க ஈரோட்டுப் பக்கம் போன குடும்பம் என்று ஒரு கதையும் கட்டினோம். எப்போதும் வகுப்பில் நல்லபிள்ளை என்று பெயர் எடுத்த எனக்கு, இவ்வளவு சரளமாகப் பொய் வரும் என்று அன்றுதான் தெரிந்தது. வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்தச் சிரிப்பு இப்போதும் எனக்குப் பிடித்திருக்கிறது; பிடித்திருக்கலாமா என்று தெரியவில்லை.

அம்மா நம்பினாள். நம்பியதோடு நிற்காமல் பூரித்தும் போனாள். "காட்டுச் சாஸ்தாவா? துடியான சாமில்லா!" என்றாள். மறுநாளிலிருந்து என் தோழி எங்கள் அடுக்களைவரை வந்தாள். என்னைக் கூப்பிடுவதுபோல் அம்மா அவளையும் 'ஏட்டி' என்று கூப்பிட ஆரம்பித்தாள். "ஏட்டி, இந்தத் தேங்காயைத் துருவு", "ஏட்டி, ஓங்க ஊர்ல புளிக்குழம்புக்கு வெங்காயம் வதக்குவாங்களா, மாட்டாங்களா?" என்று எனக்குக் கிடைக்காத கொஞ்சலெல்லாம் அவளுக்குக் கிடைத்தது. பங்குனி உத்திரம் வந்தது. தெருவே சாஸ்தாவுக்குப் போகும்போது அவர்கள் வீட்டில் இருக்க முடியாதல்லவா? அவள் அப்பாவை நச்சரித்துக் குடும்பத்தோடு தென்மலை அணை பார்க்கக் கிளம்பினாள். மாலையில் வாழையிலையில் பொதிந்த சர்க்கரைப் பொங்கலோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவளுடைய அம்மா விடியற்காலையிலேயே வைத்தது. அம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தின்றாள். என் பங்கை நான் இலையோடு மடித்து வைத்துவிட்டேன். பாவம் செய்கிறோமோ என்ற பயம் அப்போதுதான் முதலில் வந்தது.

பன்னிரண்டாம் வகுப்பில், புரட்டாசி மாதத்தில் எனக்கு மஞ்சள் காமாலை வந்தது. மூன்று வாரம் கீழாநெல்லியும் உப்பில்லாக் கஞ்சியும். கண் மஞ்சள் மாறவே இல்லை. பள்ளிக்கூடம் விட்டதும் தினமும் வந்து அன்றைய பாடத்தைப் படித்துக் காட்டுவாள் என் தோழி. ஒருநாள் நான் தூங்குவதாக நினைத்து அம்மா அவளிடம் சொன்னது காதில் விழுந்தது. "எங்க சாஸ்தாவுக்கு நேர்ந்தாச்சு, ஒண்ணும் கேக்கல. இப்போ ஓங்க சாரலுடையாருக்கு நேர்ந்திருக்கேன். எம்பிள்ளை எழுந்திரிச்சா அடுத்த உத்திரத்துக்கு நாங்களும் ஓங்ககூட வந்து பொங்கல் வச்சு மணி கட்டுதோம்." அவள் புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது. அவளால் வேறென்ன செய்ய முடியும்? அடுத்த வாரமே எனக்குக் கண் தெளியத் தொடங்கியது. அம்மா தென்காசிப் பெரிய கோயில் பக்கம் போய், கைக்கு அடங்காத அளவில் ஒரு வெண்கல மணி வாங்கிவந்தாள்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்றாள் அவள். வேண்டாம் என்றேன். உத்திரத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது, அந்த வருஷம் காட்டுக்குள் விடவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம் என்றேன். "உங்கம்மா சாமின்னு நம்பி நேர்ந்திருக்காங்க புள்ள. அது வெளையாட்டு இல்ல" என்றாள். கோயிலில் சேர்க்கப்படாதவளுக்கு இருந்த அந்தப் பயபக்தி, வருஷந்தவறாமல் பொங்கல் வைக்கும் வீட்டில் பிறந்த எனக்கு இல்லாமல் போனது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே வந்து அம்மாவின் முன்னால் நின்றாள். நான் கதவுக்குப் பின்னால்.

"அப்படி ஒரு கோயில் இல்லீங்ம்மா. நாந்தான் பொய் சொன்னனுங். இவளுக்கு ஒண்ணும் தெரியாதுங்" என்றாள். தன் அப்பா யார், அம்மா யார் என்பதையும் சொன்னாள். அம்மா சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். பிறகு, "அப்போ அந்தப் பொங்கல்?" என்றாள். "எங்கம்மா வச்சதுங்." அம்மா திரும்பி அந்த வெண்கல மணியைப் பார்த்தாள். கடைசியில் அம்மா கேட்டது நாங்கள் எதிர்பார்த்த எந்தக் கேள்வியும் இல்லை. "அப்போ நான் நேர்ந்ததைக் கொண்டுபோய் எங்க செலுத்துவேன்?" என்றாள். குரல் உடைந்திருந்தது. அவளும் அழுதுகொண்டே, "எங்க ஊட்டுல வந்து பொங்கல் வைங்ம்மா" என்றாள். அம்மா எழுந்து வாசல் விளக்கைப் போடப் போய்விட்டாள்.

மறுநாளும் அவள் வந்தாள். அம்மா முகம் சுளிக்கவில்லை. "வாங்கம்மா, உக்காருங்க" என்றாள். தேங்காய் துருவச் சொல்லவில்லை. வெளியே வந்ததும் அவள் என்னிடம், "உங்கம்மா எனக்கு மரியாதை குடுக்கறாங்க பாத்தியா" என்று சிரித்தாள். அதற்குமேல் எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

அம்மா யாரிடமும் புறம் பேசவில்லை. நேர்ந்ததைச் செலுத்தாவிட்டால் காமாலை எனக்குத் திரும்பிவிடுமோ என்ற பயத்தில், எங்கள் சாஸ்தா கோயில் பூசாரி அண்ணாச்சியிடம் போய், இல்லாத சாமிக்கு நேர்ந்தால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறாள். அவ்வளவுதான். எந்தச் சாமி, யார் சொன்னது, ஏன் சொன்னாள் என்று அவர் கேட்க, என்மேல் உள்ள பாசத்தில் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். அவர் வழியாக ஊருக்குத் தெரிந்தது. சாதி மாறிக் கல்யாணம் செய்தவர்கள் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. "சாமிய வச்சே ஊர ஏமாத்துன பிள்ளை" என்றுதான் சொன்னார்கள். வீட்டுக்கார அண்ணாச்சி தன் தங்கை மகள் குடிவரப்போவதாகச் சொல்லித் தை மாதத்துக்குள் வீட்டைக் கேட்டார். அந்தத் தங்கை மகள் கடைசிவரை வரவில்லை. ஊர் ஏமாந்ததில் பாதி என் வேலை என்று நான் சொல்லியிருந்தால் அந்தப் பேச்சு அப்படியே நின்றிருக்குமா? எங்கள் வீட்டுப் பெண்ணின் விளையாட்டுத்தனம் என்று சிரித்துவிட்டிருப்பார்களா? தெரியவில்லை. சொல்லிப் பார்த்திருக்கலாம்.

அவர்கள் விடுதியின் பின்பக்கத்து ஓர் அறைக்குப் போனார்கள். பொதுத்தேர்வு முடியும்வரை அவள் அங்கிருந்துதான் பள்ளிக்கூடம் வந்தாள். என்மேல் அவளுக்குக் கோபம் இருந்ததா என்று கேட்டால், கடைசித் தேர்வன்று தன் இயற்பியல் குறிப்பேட்டை என்னிடம் கொடுத்து, "கல்லூரில உன்ற பக்கத்துல யாராச்சும் வெளியூர்க்காரி வந்து உக்காந்தா, சாமியை மட்டும் கேட்டுறாத தாயி" என்றாள். அதைக் கோபம் என்பதா, கிண்டல் என்பதா? பிறகு அவர்கள் ஈரோட்டுப் பக்கமே திரும்பிவிட்டார்கள். வெண்கல மணி அம்மாவின் பூஜை அலமாரியில் இருக்கிறது. வேறு சாமிக்குக் கட்ட அவளுக்கு மனம் வரவில்லை. இதை அம்மா படித்தால், பாதிப் பொய் என்னுடையது என்ற உண்மை தெரிந்துவிடும். தெரியட்டும், காமாலை இனித் திரும்பாது.

இப்போது நான் தென்காசியில் மாமனார் மாமியாரோடு இருக்கிறேன். கணவர் ராணுவத்தில், வடக்கே. மகளுக்கு ஏழு வயது ஆகப்போகிறது. அவள் வகுப்பில் இந்த வருஷம் ஒரு வெளியூர்ப் பெண்குழந்தை சேர்ந்திருக்கிறாள். மதியச் சாப்பாட்டு டப்பாவில் பாதி அவளுக்குத்தான் போகிறது. பிறந்தநாளுக்கு அவளைக் கூப்பிட வேண்டும் என்றாள் மகள். கூப்பிடு என்றேன். அன்று இரவு எனக்கு ஒரு கவலை பிடித்துக்கொண்டது. மாமியார் விசாரிப்பாரே, கையில் ஒரு பதில் வைத்திருந்தால் நல்லதல்லவா, அந்தக் குழந்தை என் வீட்டில் வைத்துக் காயப்படக் கூடாதல்லவா? காலையில் தலை பின்னிக்கொண்டே மகளிடம் சொன்னேன்: "மக்கா, அந்தப் பிள்ளைக்குச் சாஸ்தா எங்கன்னு பேச்சோட பேச்சா கேட்டுட்டு வா."

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் அது விழுந்தது. பின்னலை விட்டுவிட்டு, "வேண்டாம், கேக்காத" என்றேன். "ஏன் கேக்கக் கூடாது?" என்றாள். "அது பெரியவங்க கேக்குற கேள்வி." "அப்போ நீ கேட்டுச் சொல்லுதியா?" அதற்குள் வேன் ஹார்ன் அடித்தது. மாலையில் வந்து பையைக் கழற்றும் முன்பே சொன்னாள்: "அவளுக்குத் தெரியாதாம்மா. அவ அம்மாகிட்டக் கேட்டுச் சொல்லுதாளாம்."

அதற்குப் பிறகு ஐந்து நாள் ஆகிவிட்டது. பதில் வரவில்லை. பெற்றோர் கூட்டத்தில் அந்தக் குழந்தையின் அம்மாவைப் பார்த்தேன். எப்போதும்போல் சிரித்தார். அந்தச் சிரிப்பில் என்ன இருந்தது என்று எனக்குப் படிக்கத் தெரியவில்லை. கிட்டப்போய்ப் பேச வாய் எடுத்தேன். மன்னிப்புக் கேட்டால் உங்களைச் சந்தேகப்பட்டேன் என்று நானே சொன்னதாகிவிடும். கேட்காவிட்டால், அந்த வீட்டில் இந்நேரம் யாராவது உட்கார்ந்து எனக்காக ஒரு சாமியைத் தேடிக்கொண்டிருக்கலாம். "பிறந்தநாளுக்குப் பிள்ளையை அவசியம் அனுப்புங்க" என்று மட்டும் சொன்னேன். "பாக்குறேங்க" என்றார்.

அதனால் உங்களிடம் கேட்கிறேன். இந்தக் கேள்வியை என்னைப்போல் கேட்டுப் பழகியவர்கள் எனக்கு ஆறுதல் சொல்லி எழுத வேண்டாம். கேட்கப்பட்டவர்கள் எழுதுங்கள். உங்கள் பிள்ளை இந்தக் கேள்வியை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று நீங்கள் அதற்கு என்ன சொன்னீர்கள்? அந்தக் கேள்வியைக் கொடுத்தனுப்பியவள் மறுநாள் உங்கள் வாசலுக்கு வந்து என்ன சொல்லியிருந்தால், உங்கள் பிள்ளையை அவள் வீட்டுப் பிறந்தநாளுக்கு அனுப்பியிருப்பீர்கள்?