கால அட்டவணையில் என் பெயர்

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் சிங்கப்பூரில் ஒரு கல்லூரியில் நிரந்தர ஆசிரியையாக இருந்தேன். என்னோடு புவியியல் கற்பித்தவர் பகுதிநேர ஆசிரியை. எட்டு மாதக் கர்ப்பத்தைச் சேலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு சிராங்கூன் சாலையிலிருந்து பஸ்ஸில் வருவார். எங்களுக்குப் பிரசவ விடுப்பு உண்டு, அவருக்குக் கிடையாது.

ஒரு மதியம் கரும்பலகைக்கு முன்னாலேயே மயங்கி விழுந்துவிட்டார். டாக்ஸி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அன்றே பிறந்த ஆண் குழந்தை மறுநாள் இறந்துவிட்டது. கட்டிலில் கிடந்தபடி அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

"என் கிளாஸ வேற யாருக்காவது குடுத்துடுவாங்களா அக்கா?"

நேராக முதல்வரிடம் போனேன். "அவங்க வர்ற வரைக்கும் நான் எடுக்கிறேன் சார். வேற ஆள் போட்டுடாதீங்க" என்றேன்.

"ஓகே லா, நீங்களே பாத்துக்குங்க" என்றார். அந்த ஆசிரியைக்கு நல்லது செய்துவிட்டதாக நம்பினேன்.

ஆறு வாரம் கழித்து அவர் வெளுத்த முகத்தோடு திரும்பி வந்தார். ஆசிரியர் அறையில் புதிய கால அட்டவணை ஒட்டியிருந்தது. அவருடைய வகுப்புகள் அத்தனைக்கும் நேராக என் பெயர். நான் முதல்வர் அறைக்கு ஓடினேன்.

"நீங்களே நல்லா சமாளிக்கிறீங்க. அப்புறம் எதுக்குப் பார்ட் டைம்?" என்றார். வாதாடினேன், கெஞ்சினேன். அவர் அடுத்த கோப்பைத் திறந்துவிட்டார்.

நான் திரும்பி வந்தபோது, அந்த அம்மா தன் கையால் வரைந்த வரைபடங்களைச் சுருட்டி என் மேசையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளைங்களுக்கு வேணும், வச்சுக்குங்க அக்கா" என்றார். குரலில் கோபமே இல்லை. அந்த வருடம் முழுவதும் அவற்றை மாட்டித்தான் நான் பாடம் நடத்தினேன்.