செமிக்கல

அக்கா வீட்டு அடுப்படி அலமாரியில், சீரக டப்பாவுக்குப் பின்னால், நேற்றுவரை அந்தப் பிளாஸ்டிக் டப்பி இருந்தது. குலுக்கினால் ஏழெட்டு மாத்திரை சத்தம் போடும். கொடுத்தவன் நான்தான். கம்பத்தில் ஒரு மருந்துக்கடையில் பதினெட்டு வருடமாக நிற்கிறேன். டாக்டர்களின் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்ததால் பாதி டாக்டர் என்று எனக்கு நானே பட்டம் சூட்டிக்கொண்டவன்.

எங்கள் பக்கத்தில் வயிற்றுக்கு ஒரே வியாதிதான்: செமிக்கல. நெஞ்சு கரித்தாலும் செமிக்கல, விலா பிடித்தாலும் செமிக்கல. மச்சான், அக்காவின் கணவர், கல்யாண வீடுகளுக்குப் பிரியாணி ஆக்குபவர். போன நோன்புப் பெருநாள் கழிந்து கடைக்கு வந்து, மேல்வயிற்றைத் தடவியபடி அவரும் அதையேதான் சொன்னார். செரிமான மாத்திரை டப்பி ஒன்றை எடுத்து நீட்டினேன்.

"ஒண்ணும் பண்ணாதுல்ல மாப்ளே?"

"கறி வேக நீங்க பப்பாளிக்காய் அரைச்சுப் போடுறீகள்ல, அதே சரக்குதான் மச்சான். வயித்துக்குள்ள வேலை பாக்கும்."

"அடப்பாவி, என்னையவே பிரியாணி தேக்சா ஆக்கிட்டியே!"

இந்தக் கதையைப் போகிற பந்தலில் எல்லாம் சொல்லிச் சிரித்தார். வலியும் மட்டுப்பட்டது. டப்பிமேல் டப்பியாக நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆள் மெலிந்தார், பெல்ட்டில் புதுத் துளை போட்டார். "பிரியாணி மாஸ்டர் இப்படி இளைச்சா எவன் நம்பிச் சாப்பிடுவான்?" என்று அதற்கும் ஒரு நக்கல் அடித்தேன். கண் மஞ்சளானபோதுதான் தேனி ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஸ்கேனில் கணையத்தில் கட்டி.

"இந்த மாத்திரையாலயா?" என்று டாக்டரிடம் டப்பியைக் காட்டினேன்.

"மாத்திரை கட்டிய உண்டாக்கல. சாப்பாடு செரிக்கிற மாதிரி காட்டி வியாதிய மறைச்சிருக்கு. எத்தனை மாசமா எடுக்கிறாரு?"

ஆறு மாதம் என்றேன். பப்பாளிக்காய்க் கதையை அவரிடம் சொல்லவில்லை.

கடைசி வாரத்தில் கஞ்சிகூட இறங்காமல் கிடந்த மச்சான் என்னைக் கூப்பிட்டு, "மாப்ளே, தேக்சா ஓட்டையாயிருச்சு போல" என்றார். போர்வையை இழுத்துச் சரிசெய்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

நேற்று, மச்சான் இறந்த நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்து, பாத்திரங்களை ஒதுங்கவைக்கும்போது அக்கா அந்த டப்பியைக் கையில் எடுத்தாள்.

"தம்பி, எனக்கும் பத்து நாளாச் செமிக்கலடா. அவுகளுக்கு நல்லாக் கேட்டுச்சே, ஒண்ணு போட்டுக்கவா?"

டப்பியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "கிளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றேன்.

"செமிக்காததுக்கெல்லாமா ஆஸ்பத்திரி?" என்று அக்கா சிரித்தாள். நான் செருப்பைத் தேடிக் குனிந்தபோது பைக்குள் மாத்திரைகள் கலகலத்தன.