திரையில் தெரிந்த முடி

மகளுக்குத் தலையில் வட்டம் வட்டமாக முடி போனபோது பூச்சிவெட்டு என்றுதான் நினைத்தேன். ஓதின எண்ணெய் தேய்த்தும் சுகமில்லை. கல்முனையில் தோல் டொக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் சின்னக் கெமராவைத் தலையில் வைத்துத் திரையைக் காட்டினார். முடிகள் கட்டையும் நெட்டையுமாக அறுந்திருந்தன. வேரடியில் ரத்தப் பொட்டுகள்.

"இது தானா விழுந்த முடியில்ல. பிடிச்சு இழுத்தது."

"யாரு, மகள்?" என்று அவளிடம் கேட்டேன்.

"மெதுவாக் கதைங்க உம்மா. அவர் வெளியில நிக்காரு."

வெளியில் நின்றது அவளுடைய மாப்பிள்ளை.

எங்கள் ஊர் வழக்கப்படி மருமகன் எங்கள் வீட்டோடுதான். பிள்ளை கண்முன்னே இருக்கிறாள் என்று பெருமைப்பட்டேன், மடைச்சி. எங்கள் அறைகளுக்கு நடுவில் ஒரு சுவர்தான். எனக்குக் கேட்டுவிடக் கூடாதென்று அவள் ஒருநாளும் கத்தவில்லை.