வேனில் மட்டும் தொலையாத தண்ணிப் போத்தல்

ஜீவராணி சரியான விடுப்புக்காரி, ஊர்க்கதை எதையும் அறியாமல் விடமாட்டாள். அதை அவளே ஒத்துக்கொள்வாள். புருசன் யோகராஜ் ஸ்கூல் வேன் ஓட்டுகிறான். பதினாலு பிள்ளைகளை ஏற்றி இறக்குவது அவள். அட்டன் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கல்யாணம் கட்டிக் கொட்டாஞ்சேனைக்கு வந்து இருபத்திமூன்று வருஷம். வேன் ஓடுகிற வெள்ளவத்தையில் எந்த வீட்டில் காலமைச் சண்டை, எந்தப் பிள்ளை இடியப்பத்தைத் தொடாமல் வந்தது, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஒரே ஒரு குறை, வேன் கதவைச் சாத்த மறந்துவிடுவாள். "கதவு!" என்று யோகராஜ் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கத்துவான்.

அப்பேர்ப்பட்டவளுக்கு மூன்று மாதமாக ஒரு விஷயம் பிடிபடவேயில்லை. சிவானியின் பல்லு.

சிவானிக்கு ஒன்பது வயது, நாலாம் வகுப்பு. இரண்டு கிழமைக்கொரு தடவை, புதன்கிழமைப் பின்னேரம், அவள் வேனில் வருவதில்லை. "பல்லு டொக்டரிட்டப் போறம்" என்பாள் அம்மா அருந்ததி, வங்கியில் வேலை செய்கிறவள். ஆறு தடவை போயாயிற்று. ஜீவராணி ஒரு வியாழக்கிழமை பிள்ளையை வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தே விட்டாள். கம்பி இல்லை, அடைப்பு இல்லை, ஆடிக்கொண்டிருந்த பல்லுக்கூட அப்படியே ஆடிக்கொண்டிருந்தது.

"இது என்னாங்க டொக்டரு?" என்று புருசனிடம் கேட்டாள்.

"நீ ஒன் வேலையப் பாரு. கதவு!"

விஷயம் ஒரு திங்கட்கிழமை காலமை வெளியில் வந்தது. பள்ளிக்கூட வாசலில் மற்றப் பிள்ளைகள் இறங்கிப் போக, சிவானி மட்டும் சீற்றைப் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

"நான் இறங்கமாட்டன் அன்ரி."

"ஏன் பாப்பா, வயித்து வலியா?"

"நான் மக்கு. இந்தத் தவணைச் சோதினையும் இப்பிடியே போனா என்னைத் திரும்ப நாலாம் வகுப்பிலயே இருத்துவினமாம். மிஸ் எல்லாருக்கும் முன்னால சொன்னவ. அம்மா கூட்டிக்கொண்டு போறது பல்லுக்கில்லை. நான் கவனமில்லாமல் இருக்கிறன் எண்டு."

மக்கு என்ற சொல்லை ஜீவராணிக்கு நன்றாகத் தெரியும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வகுப்புக்கு வெளியே நிற்க வைத்து நிற்க வைத்தே அவளை எட்டாம் வகுப்போடு வீட்டுக்கு அனுப்பினார்கள். வழக்கம்போலப் பிள்ளையின் தோளில் கையை வைத்தாள்.

"பை."

சிவானி பையை எடுத்தாள்.

"போத்தல்."

எடுத்தாள்.

"தொப்பி."

போட்டாள்.

"எறங்கு பாப்பா."

இறங்கிவிட்டாள்.

பின்னேரம் ஜீவராணி அருந்ததியிடம் நடந்ததைச் சொன்னாள். அருந்ததியின் முகம் செத்துப்போயிற்று.

"ஐயோ, சொல்லிட்டாளோ! சனம் என்ன கதைக்கும் எண்ட பயத்தில பல்லு எண்டனான் அக்கா."

பாவம், அவளும் என்னதான் செய்வாள்? பிள்ளைக்குக் கவனமில்லை என்று டீச்சர் முதன்முதலில் சொன்னதும், இருந்த இரண்டு டியூஷனோடு மூன்றாவதையும் சேர்த்துவிட்டாள். வெள்ளவத்தைத் தாய்மாருக்குத் தெரிந்த கைமருந்து அதுதானே! அது சரிவராமல்தான் பொரளையில் ஒரு கிளினிக்குக்குப் போகத் தொடங்கினாள்.

"வீட்டிலயும் எல்லாம் துலைக்கிறாள், பள்ளிக்கூடத்திலயும் துலைக்கிறாள். இந்த மாதம் மட்டும் நாலு போத்தல். எங்கயாவது ஒரு இடத்தில துலைக்காமல் இருக்கிறவளோ எண்டு டொக்டர் கேட்டவர். இல்லை எண்டிட்டன்."

"எங்க வேன்ல ஒன்னும் தொலைஞ்சதில்லையே மேடம்."

"ஒண்டுமே?"

"ரெண்டு வருசமா ஒரு பென்சில்கூட இல்ல."

ஏன் என்று அருந்ததி கேட்டாள். ஊரையெல்லாம் விடுப்புப் பார்த்த ஜீவராணி, தன்னைத்தான் பார்த்ததில்லை.

அடுத்த நாள் காலமை அருந்ததி அரைநாள் லீவு போட்டுவிட்டு வேனில் ஏறிப் பின் சீற்றில் இருந்தாள். பள்ளிக்கூட வாசலில் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். தோளில் கை. ஒரு சொல். அது முடியும்வரை பொறுமை. பிறகு அடுத்த சொல். பின்னால் பஸ்காரன் ஹோர்ன் அடித்தே காதைக் கிழித்தான்; ஜீவராணி அசையவில்லை.

"நான் குசினிக்குள்ள சமைச்சுக்கொண்டு நிண்டு ஏழு விஷயத்தை ஒரே மூச்சில கத்துறனான்" என்றாள் அருந்ததி. "இப்பிடி ஒவ்வொண்டாச் சொல்ல உங்களுக்கு ஆர் காட்டித் தந்தது?"

"யாரும் இல்லைங்க" என்றாள் ஜீவராணி வெட்கத்தோடு. "ரெண்டு சேத்து சொன்னா எனக்கே ஒன்னு மறந்துரும்."

அடுத்த புதன்கிழமை பொரளைக்கு மூன்று பேராகப் போனார்கள். டொக்டர் ஜீவராணியிடம் கேட்டுக் கேட்டு எழுதினார். ஒரு நேரத்தில் ஒரு வேலை, தோளில் கை, பிறகு காத்திருத்தல்: வகுப்பு டீச்சருக்கு அதை ஒரு கடிதமாகவே கொடுத்தார். டியூஷனையும் ஒன்றாகக் குறைக்கச் சொன்னார். எழும்பிக் கதவடிக்குப் போன ஜீவராணிக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"டொக்டர், இந்தக் கவனமில்லாமப் போறது பெரிய ஆளுங்களுக்கும் இருக்குமா?"

"இருக்கும். சோதிச்சுப் பார்த்துத்தான் சொல்லலாம். ஏன் கேட்கிறீங்க?"

"சும்மாங்க" என்றாள்.

சும்மாவா? திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். நாற்பத்தாறு வயதுவரை அவள் தன்னை மக்கு என்றே நம்பியிருந்தாள்.

டீச்சர் முதலில் முகத்தைச் சுளித்தாவாம், பிறகு செய்து பார்த்தாவாம். அந்தத் தவணையிலும் இரண்டு போத்தல் தொலையத்தான் செய்தது. ஆனாலும் புது வருஷ வகுப்புத் தொடங்கின அன்று சிவானி வேனில் ஏறினபோது, பையில் அஞ்சாம் வகுப்புப் புத்தகங்கள் இருந்தன.

"அஞ்சாம் வகுப்பா! அடி என் தங்கம்!" ஜீவராணி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்துவிட்டாள். முன்னால் யோகராஜ் கத்துவதற்கு வாயைத் திறந்தான். அதற்குள் ஒரு சின்னக் கை ஜீவராணியின் தோளில் வந்து இருந்தது.

"அன்ரி" என்றாள் சிவானி. "கதவு."

சொல்லிவிட்டு, அவள் எழும்பிச் சாத்தும்வரை காத்திருந்தாள்.